உங்களுக்காகப் பேசும் தகடு: மருத்துவ அடையாள அணிகலனைத் தேர்ந்து, பொறித்து, அணிவதற்கான முழுமையான வழிகாட்டி

மயங்கிக் கிடப்பவருக்கு முதலுதவி செய்ய வருபவர், அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பார். அடுத்து நாடியைத் தேடுவார். அந்த விரல்கள் மணிக்கட்டுக்குப் போகும், இல்லையென்றால் கழுத்துக்குப் போகும். அணிந்தவரின் நோய், மருந்து விவரங்களைப் பொறித்த மருத்துவ அடையாள அணிகலன்கள் பெரும்பாலும் கைச்சங்கிலியாகவோ கழுத்தில் தொங்கும் டாலராகவோ செய்யப்படுவது இதனால்தான்.

இந்த வழக்கம் ஒரு வீட்டில் நடந்த விபத்திலிருந்து பிறந்தது. கலிபோர்னியாவின் டர்லாக் ஊரில் மருத்துவராக இருந்த மேரியன் காலின்ஸின் மகள் லிண்டாவுக்கு 1953இல் விரலில் வெட்டுக்காயம் பட்டது. டெட்டனஸ் எதிர்நஞ்சு அவளுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்ப்பதற்காகச் செய்த சிறு சோதனையே அவளைச் சாவின் விளிம்புக்குக் கொண்டு போனது. அடுத்த முறை அவளைக் காப்பாற்ற அருகில் தந்தை இருப்பார் என்பது என்ன நிச்சயம்? பின்னாளில் அவள் வெளியூருக்குப் படிக்கப் போனபோது, அவளுக்கு ஒவ்வாத மருந்துகளின் பெயர்களை வெள்ளிக் கைச்சங்கிலி ஒன்றில் பொறித்து அணிவித்தார்கள். அந்த யோசனை பிறருக்கும் பயன்பட வேண்டும் என்று அந்தக் குடும்பம் 1956இல் தொடங்கியதுதான் மெடிக்அலர்ட் அமைப்பு.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உடல்நலத்துக்காக அணியும் நகை என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்றில் பொறித்த எழுத்து வேலை செய்கிறது. மற்றதில் செம்போ காந்தமோ கல்லோ வேலை செய்வதாகச் சொல்லப்படுகிறது. இந்த வழிகாட்டி முதல் வகையைப் பற்றியது. இரண்டாம் வகை சில சமயம் முதல் வகைக்கே இடையூறாக வந்து நிற்பதால், அதற்கும் பின்னால் ஒரு படி ஒதுக்கியிருக்கிறேன்.

முதல் படி: உங்களுக்குத் தேவையா என்று முடிவு செய்தல்

நோய் பெரியதா சிறியதா என்பது இங்கே அளவுகோல் அன்று. நான் நினைவின்றிக் கிடக்கும் முதல் ஒரு மணி நேரத்தில், இந்தத் தகவலைத் தெரிந்துகொண்டவர் எனக்குச் செய்யும் சிகிச்சையை மாற்றுவாரா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் தகடு தேவை.

இன்சுலின் போட்டுக்கொள்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோனால் நாக்கு குழறும், நடை தள்ளாடும், கோபம் வரும். பார்ப்பவர் குடிபோதை என்று நினைத்து ஒதுங்கிவிடுவார். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர் தலையில் அடிபட்டு விழுந்தால், வெளிக்காயம் சிறியதாக இருந்தாலும் மண்டைக்குள் கசிவு இருக்கிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும். சிறுநீரகங்களின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பி வேலை செய்யாதவர்களும், நீண்டகாலம் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்ததால் அந்தச் சுரப்பி உறங்கிப்போனவர்களும், விபத்திலோ கடும் காய்ச்சலிலோ ஹைட்ரோகார்டிசோன் ஊசி கிடைக்காவிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து இறந்துபோகக்கூடும். அவர்களைப் பார்த்தால் அப்படி ஒரு குறை இருப்பது வெளியே தெரியாது. குரல்வளை அகற்றப்பட்டு, கழுத்தில் உள்ள துளை வழியாக மூச்சு விடுபவருக்கு முகத்தில் ஆக்சிஜன் முகமூடியை வைப்பதால் பயனில்லை, துளையில்தான் வைக்க வேண்டும். சில மயக்க மருந்துகள் பட்டால் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும் பரம்பரைக் குறை உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்குக் குறிப்பிட்ட மருந்துகள் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

வலிப்பு நோய், இரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா, உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமைகள், உறுப்பு மாற்று சிகிச்சை, மண்ணீரல் அகற்றம், பேஸ்மேக்கர், செவிக்குள் பொருத்திய காக்ளியர் கருவி ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும். வழி மறந்து அலையும் மறதி நோயாளிகளுக்கும், பேச்சு வராத ஆட்டிசக் குழந்தைகளுக்கும் தகடு நோயைச் சொல்வதைவிட வீட்டைக் கண்டுபிடிக்க உதவுகிறது.

கொலஸ்ட்ரால் மாத்திரை, தும்மலோடு முடியும் தூசி ஒவ்வாமை, மருந்தால் கட்டுக்குள் இருக்கும் சாதாரண இரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தகட்டில் ஏற்ற வேண்டியதில்லை. இரத்த வகையையும் பொறிக்கச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். எந்த மருத்துவமனையும் தகட்டை நம்பி இரத்தம் ஏற்றாது; சோதித்துப் பொருத்தம் பார்த்த பிறகே ஏற்றும். அந்த இடத்தை வேறொரு சொல்லுக்குக் கொடுங்கள்.

இரண்டாம் படி: தகவலை மருத்துவரிடம் சரிபார்த்தல்

தெரிந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி, மருந்துச் சீட்டுகளோடு மருத்துவரிடம் கொண்டு போங்கள். உடலுக்குள் கருவி பொருத்தியிருந்தால் அப்போது கொடுத்த அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள், எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா கூடாதா, எந்த நிபந்தனைகளோடு எடுக்கலாம் என்பது கருவியின் மாதிரியைப் பொறுத்தது, அது அந்த அட்டையில் இருக்கும்.

குறிப்பாகச் சரிபார்க்க வேண்டியது பென்சிலின் ஒவ்வாமை. சிறுவயதில் மருந்து சாப்பிட்டபோது உடம்பில் தடிப்பு வந்தது என்று அம்மா சொன்ன ஒரு நினைவை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் பென்சிலின் ஆகாது என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். முறையாகச் சோதித்துப் பார்த்தால், இப்படிச் சொல்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு உண்மையில் அந்த ஒவ்வாமை இருப்பதில்லை. தகட்டில் தவறாக ஏறிய ஒவ்வாமையும் தீங்கு செய்யும்: மிகப் பொருத்தமான மருந்து கைவிடப்பட்டு, அடுத்த தரத்தில் உள்ளது கொடுக்கப்படும். ஒவ்வாமை வல்லுநரிடம் சோதித்த பிறகு பொறியுங்கள். அதுவரை சந்தேகத்துக்கு இடமான ஒவ்வாமையைக் குறைத்து மதிப்பிடாமல், மருத்துவர் சொல்வதைப் பின்பற்றுங்கள்.

மூன்றாம் படி: சொற்களைத் தேர்ந்தெடுத்தல்

கடினமான படி இதுதான். சுமார் 4 சென்டிமீட்டர் நீளத் தகட்டில் படிக்கும் அளவுள்ள எழுத்துகளில் நான்கைந்து வரிகள் பிடிக்கும், வரிக்கு இருபது எழுத்துகளைத் தாண்டினால் கண்ணுக்குத் தெரியாது. சொல்லுக்குச் சொல் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும்.

உலோக இதய வால்வு பொருத்தப்பட்டு, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிட்டு வரும் ஒரு முதியவருக்காக வீட்டார் எழுதிய முதல் வரைவு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

இதய நோயாளி
சர்க்கரை உண்டு
தினமும் மாத்திரை சாப்பிடுகிறார்
அவசரம் என்றால் மகனை அழைக்கவும்

ஒவ்வொரு வரியும் உண்மை, ஆனால் ஒன்றைக்கூட வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. எந்த இதய நோய்? எந்த மாத்திரை? மகனின் எண் எங்கே? இதே இடத்தில் இப்படி எழுதலாம்:

வார்ஃபரின் எடுக்கிறார்
உலோக இதய வால்வு
டைப் 2 நீரிழிவு
மகன்: நாட்டுக் குறியீட்டோடு தொலைபேசி எண்

எது உடனே உயிரைத் தொடுமோ அது மேலே வந்துவிட்டது. மருந்தின் பெயரும் வந்துவிட்டது. இரத்தம் உறையாமைக்கு மருந்து என்று பொதுவாக எழுதுவது ஏன் போதாது என்றால், ஒவ்வொன்றின் விளைவையும் முறிக்க வேறு வேறு மருந்துகள் இருக்கின்றன: வார்ஃபரினுக்கு வைட்டமின் கேயும் உறைதல் காரணிகளும், டாபிகட்ரானுக்கு இடாருசிசுமாப். மருந்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் அவசர சிகிச்சைப் பிரிவில் தேடும் நேரம் மிச்சமாகும். கடையில் கேட்டு வாங்கும் வணிகப் பெயரைப் பொறிக்காதீர்கள், அது நாட்டுக்கு நாடு மாறும். மருந்தின் மூலப் பெயரையே எழுதுங்கள். அளவை எழுத வேண்டாம், அடுத்த மாதம் மருத்துவர் மாற்றிவிடுவார். அட்ரினல் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் இதற்கு விலக்கு: அவசரத்தில் ஹைட்ரோகார்டிசோன் ஊசி தேவை என்ற கட்டளையையே, மருத்துவர் சொன்ன அளவோடு, பொறித்துக்கொள்வது நல்லது.

சுருக்கெழுத்துகளில் எச்சரிக்கையாக இருங்கள். எம்.எஸ். என்ற இரண்டு எழுத்துகளை ஒரு மருத்துவர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று படிப்பார், இன்னொருவர் மைட்ரல் வால்வு சுருக்கம் என்று படிப்பார், மூன்றாமவருக்கு அது மார்ஃபின் சல்பேட்டாகவும் தோன்றலாம். நோயாளியின் உறவினருக்கு எல்லாம் வெளிச்சமாகத் தெரியும். தகட்டைப் படிப்பவரோ நோயாளியை முதன்முறையாகப் பார்க்கிறார். அவர் படிக்கக்கூடிய மொழியில், அதாவது நீங்கள் வாழும் இடத்தின் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் படிக்கும் மொழியில் பொறியுங்கள். அடிக்கடி வெளிநாடு போகிறவர்கள் பின்பக்கத்தில் ஆங்கிலத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பெயரைப் பொறிக்கலாம். வீட்டு முகவரி வேண்டாம்; தகடு தொலைந்தால் உங்கள் நோயும் உங்கள் வாசலும் சேர்ந்தே அந்நியர் கைக்குப் போகும். மறதி நோயாளிகளுக்கும் முகவரியைவிட எப்போதும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணே பாதுகாப்பானது. இடம் போதாதபோது, பணப்பையில் அட்டை உண்டு என்று கடைசி வரியில் எழுதிவிட்டு, மீதி விவரங்களை அந்த அட்டைக்கு மாற்றிவிடுங்கள்.

நான்காம் படி: வடிவத்தைத் தேர்ந்தெடுத்தல்

பொதுவாகக் கைச்சங்கிலியே என் முதல் பரிந்துரை. சட்டைக்குள் ஒளியாது, நாடி பார்ப்பவர் கண்ணில் தானாகப் படும். இயந்திரங்களோடு வேலை செய்பவர்களுக்குக் கையில் தொங்குவது ஆபத்து என்பதால் கழுத்துச் சங்கிலி பொருந்தும். மோதிரத்தில் எழுத இடமில்லை. விரல் வீங்கினால் அதை வெட்டி எடுக்கவும் நேரலாம்.

எந்தக் கையில் அணிவது என்பதற்கும் சிலருக்கு விதி உண்டு. இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் சேர்த்த இணைப்பு) வைத்திருப்பவர்கள் அந்தக் கையில் எதையும் இறுக்கி அணியக் கூடாது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர்க் கணுக்களை அகற்றிக்கொண்டவர்களுக்கும் அந்தப் பக்கக் கை வீங்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மறு கையைத் தேர்ந்தெடுப்பது முறை.

சிறு குழந்தையின் கழுத்தில் எதையும் மாட்டாதீர்கள். சற்று வளர்ந்த குழந்தைக்குக் கழுத்துச் சங்கிலி வேண்டுமென்றால், எதிலாவது மாட்டி இழுபட்டால் தானே விடுபடும் கொக்கி உள்ளதாகப் பாருங்கள். மறதி நோயாளிக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு: ஒரு கையால் கழற்ற முடியாத கொக்கி. இல்லையென்றால் அணிவித்த பத்து நிமிடத்தில் அது ஏதாவது பூந்தொட்டிக்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

நோயாளி என்று யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று நினைத்து, சாதாரண நகை போலவே தோன்றும் வடிவங்களைத் தேடுகிறவர்கள் அதிகம். அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் முன்பக்கத்தில் மருத்துவச் சின்னம் இல்லாத தகட்டை யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். கோலைச் சுற்றிய ஒற்றைப் பாம்பு கிரேக்க மருத்துவக் கடவுளான அஸ்க்லேபியஸின் சின்னம். பல நாடுகளில் ஆம்புலன்ஸ்களில் காணப்படும் ஆறு கை நீல நட்சத்திரத்தின் நடுவிலும் அதுவே இருக்கிறது. இறக்கை முளைத்த கோலில் இரண்டு பாம்புகள் இருந்தால் அது வணிகர்களின் கடவுளான ஹெர்மிஸுக்கு உரியது. சில நாடுகளில் அதையும் மருத்துவச் சின்னமாகவே பயன்படுத்துகிறார்கள் என்பதால், அப்படி ஒரு தகட்டை வாங்கிவிட்டால் தூக்கி எறிய வேண்டாம்.

ஐந்தாம் படி: உலோகம்

இரவும் பகலும் தோலில் உரசிக்கொண்டிருக்கும் பொருள் என்பதால் நிக்கல் ஒவ்வாமையை முதலில் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் தோலோடு ஒட்டியிருக்கும் நகைகளிலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 316எல் வகை துருப்பிடிக்கா எஃகில் நிக்கல் இருந்தாலும் அது எளிதில் வெளியே வராது. அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டைட்டானியம் இருக்கிறது. வெள்ளி கறுக்கும், மென்மையானது என்பதால் எழுத்தும் தேயும். தங்க முலாம் உரிந்தால் கீழே என்ன இருக்கிறது என்று வாங்கும்போதே கேளுங்கள்.

ஆறாம் படி: பொறித்து வாங்கிச் சரிபார்த்தல்

என் முதல் தகட்டில் தொலைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. நான் எழுதிக் கொடுத்த தாளில் எண் சரியாகத்தான் இருந்தது. பொறித்தவர் தவறினார், சரிபார்க்காமல் மாட்டிக்கொண்டவன் நான். ஏழு மாதம் யாரோ ஒருவருடைய எண்ணை மணிக்கட்டில் சுமந்து திரிந்திருக்கிறேன். அதனால் தகடு கைக்கு வந்தவுடன், தாளைப் பார்க்காமல், தகட்டிலிருந்தே எண்ணைப் படித்துப் படித்து அழுத்தி அழைத்துப் பாருங்கள். அடுத்து, உங்கள் நோயைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, மங்கிய வெளிச்சத்தில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் எழுத்தோ சொல்லோ மாற வேண்டும். மேற்பரப்பில் மட்டும் நிறம் பதிக்கும் முறையைவிட, நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்படும் அளவுக்கு ஆழமாகப் பொறிப்பது நீண்ட நாள் நிற்கும்.

க்யூஆர் குறியீடு உள்ள தகடுகளில் பக்கம் பக்கமாக விவரங்களைச் சேர்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதைப் படிக்கத் தொலைபேசியும் இணையமும் வேண்டும், அந்தத் தளம் அன்று உயிரோடு இருக்கவும் வேண்டும். முக்கியமான நான்கு வரிகளை எழுத்தில் பொறித்துவிட்டு, குறியீட்டைக் கூடுதல் வசதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: ஏற்கெனவே அணிந்திருப்பவற்றைப் பரிசீலித்தல்

கையில் செப்புக் காப்போ காந்த வளையலோ ஏற்கெனவே இருந்தால், தகட்டை மாட்டும் முன் அதைப் பற்றி ஒரு முடிவுக்கு வாருங்கள். செப்புக் காப்பு அணிந்த இடம் பச்சையாவதைக் காட்டி, செம்பு உடம்பில் இறங்குகிறது என்பார்கள். வியர்வையோடு செம்பு சேர்ந்து உண்டாகும் உப்பு அது. சோப்புப் போட்டால் போய்விடும். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முடக்குவாதம் உள்ள 70 பேருக்குச் செப்புக் காப்பு, காந்தப் பட்டை, போலிப் பட்டை என மாற்றி மாற்றி ஒவ்வொன்றையும் ஐந்து வாரம் அணிவித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். வலியிலோ வீக்கத்திலோ நோயின் போக்கிலோ போலியைத் தாண்டிய பலன் எதுவும் தெரியவில்லை. மனத்துக்குப் பிடித்திருந்தால் செப்புக் காப்பை அணிந்துகொள்ளுங்கள். அதை நம்பி மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து.

காந்த வளையல் விஷயத்தில் அவ்வளவு தாராளமாக இருக்க முடியாது. பேஸ்மேக்கரின் மேல் காந்தம் நெருங்கினால், அது இதயத்தின் துடிப்பைக் கவனிப்பதை விட்டுவிட்டு ஒரே வேகத்தில் இயங்கத் தொடங்கும். இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் ஐசிடி கருவியோ ஆபத்தான துடிப்பைக் கண்டுகொள்வதையே நிறுத்திவைக்கக்கூடும். காந்தத்தை அகற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும் என்றாலும், மார்பில் கைவைத்துத் தூங்கும் பழக்கம் உள்ளவர் நிலையை எண்ணிப் பாருங்கள். இந்தக் கருவிகளிலிருந்து காந்தங்களைக் குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைப்பது பொதுவான அறிவுரை.

எதிர்மின் அயனி, அலைக்கற்றைப் பாதுகாப்பு என்ற பெயர்களில் வரும் டாலர்களை நான் முற்றாகத் தவிர்க்கச் சொல்வேன். நெதர்லாந்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில் இத்தகைய 10 பொருள்கள் அயனியாக்கும் கதிர்வீச்சை வெளியிடுவதைக் கண்டறிந்து, அணிவதை உடனே நிறுத்தச் சொன்னது. கதிர்வீச்சிலிருந்து காப்பதாக விற்கப்பட்ட டாலரே கதிர்வீச்சை உமிழ்ந்திருக்கிறது. பல் முளைக்கும் குழந்தையின் வலி தணியும் என்று கழுத்தில் போடும் அம்பர் மணி மாலையும் அப்படித்தான்: 18 மாதக் குழந்தை ஒன்று உறக்கத்தில் அந்த மாலை இறுக்கி இறந்ததைக் குறிப்பிட்டு, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரிக்கை விடுத்தது.

குமட்டலுக்கு அணியும் அழுத்தப் பட்டைகளை மட்டும் இந்தக் கும்பலோடு சேர்க்கத் தயங்குகிறேன். மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே உள்ள பி6 என்னும் புள்ளியை அழுத்தும் பட்டை அது. அறுவை சிகிச்சைக்குப் பிந்திய குமட்டலை அந்தப் புள்ளியைத் தூண்டுவது ஓரளவு குறைக்கிறது என்பதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. பயணக் குமட்டலுக்கு ஆதாரம் அவ்வளவு உறுதியாக இல்லை.

எட்டாம் படி: அணிவதும் பராமரிப்பதும்

குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றாதீர்கள். கழற்றி வைத்த அன்றுதான் தேவைப்படும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள். எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகும் முன்னும் அறுவை சிகிச்சைக்கு முன்னும் கட்டாயம் கழற்ற வேண்டியிருக்கும். அப்போது தகட்டில் உள்ளதைச் செவிலியரிடம் வாய்விட்டுச் சொல்லி, பதிவேட்டில் ஏற்றச் செய்யுங்கள். அதே விவரங்களைப் பணப்பை அட்டையிலும், பூட்டிய திரையிலிருந்தே பிறர் திறந்து பார்க்கக்கூடிய தொலைபேசியின் அவசர மருத்துவத் தகவல் பகுதியிலும் எழுதி வையுங்கள்.

மாதம் ஒருமுறை சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் எழுத்துக் குழிகளைத் தேய்த்துக் கழுவுங்கள். அந்தச் சாக்கில் கொக்கியையும் இழுத்துப் பார்த்துவிடலாம். மருந்துச் சீட்டு மாறும் ஒவ்வொரு முறையும் தகட்டை எடுத்துப் படியுங்கள். வார்ஃபரினிலிருந்து வேறு மருந்துக்கு மாறியிருந்தால், ஒவ்வாமை இல்லை என்று சோதனையில் தெளிவாகியிருந்தால், மகனின் எண் மாறியிருந்தால், பழைய தகடு அன்றே கையை விட்டு இறங்க வேண்டும். புதியது வரும்வரை அட்டையை வைத்துச் சமாளியுங்கள். கழற்றிய தகட்டை இழுப்பறையில் போட்டு வைக்காமல் எழுத்துகளை அரத்தால் தேய்த்து அழித்துவிடுங்கள், இல்லையென்றால் வீட்டில் யாராவது அதை நல்லெண்ணத்தோடு எடுத்து மறுபடியும் உங்கள் கையில் மாட்டிவிடுவார்கள்.